சுடலைக்கு ஓட்டு

"ஏல, எல்லாரும் போன் போட்டு சுடலையவே சொல்லுங்க. ஒருத்தனும் மாத்திச் சொல்லிராதீய!"

பின்கட்டு ரூமிலிருந்து இசக்கியப்பனின் குரல் கேட்டதும் கோதண்டத்துக்குச் சுருக்கென்றது.

இசக்கியப்பன் அவர் வீட்டு வாடகைக்காரன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்ப்பவன். ரூம் சுவரில் அவன் கும்பிடும் சுடலைமாடன் படம், மீசையும் அரிவாளுமாகத் தொங்குவதைக் கோதண்டம் பார்த்திருக்கிறார்.

ஊராட்சி அடுத்து எந்த வேலையை எடுக்க வேண்டும் என்று இந்த முறை ஊரே சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்களால் கிராம சபைக்கு வரமுடியாதே என்று ஒரு போன் நம்பரும் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டு வாயால் சொன்னால் போதும், பதிவாகிவிடும். எல்லாம் சரி. வாடகைக்கு இருப்பவர்களும் சொல்லலாம் என்றார்கள் பாருங்கள், அதுதான் கோதண்டத்துக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

"பாத்தியாடா ஸ்ரீதரு? ஊர் வாசல்ல ஒரு வளைவு வேணும்னு நாம கேட்டுக்கினு கீறோம். இவனுங்க கூடிக்கினு அவங்க சாமிக்கு இங்க கோயில் கேக்கறானுங்க!"

தம்பி மகன் ஸ்ரீதர் தன் பங்குக்குத் தூபம் போட்டான்.

"வுடக் கூடாது பெரீப்பா. சபையில வெச்சே கேட்ரணும்."

கிராம சபை கூடியது. ஊராட்சி செயலர் காவேரி மைக்கைப் பிடித்ததுமே கோதண்டம் எழுந்துவிட்டார்.

"எம்மா, வாடகைக்காரங்க சொன்னதத் தள்ளிட்டுப் படி."

"அது எப்படிங்க ஐயா? அவங்களும் இங்கதான இருக்காங்க? நம்ம தண்ணி, நம்ம தெருதான அவங்களுக்கும்?"

"இன்னிக்கி இங்க கீறான், நாளிக்கி எங்கியோ. அவனுக்கு இன்னாம்மா அக்கறை நம்ம ஊரு மேல?"

கோதண்டத்துக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.

"போன ஐப்பசில எம்பொண்டாட்டி செங்கமலம் பூட்டா. இன்னா மழை அன்னிக்கி! புள்ள இல்லாத வூடு. நானே கொள்ளிச்சட்டிய ஏந்திக்கினு முன்னால போனேன். சட்டி ஏந்தனவன் திரும்பிப் பாக்கக் கூடாது, பாக்கல. சுடுகாட்டுப் பள்ளத்துல தொடை மட்டும் தண்ணி. அதுலயும் என் சனம் அவள கீழ வுடாம கொண்டாந்து சேத்துச்சி. கடைசில தோள் குடுக்கறவன் ஊர்க்காரன்தாம்மா. வாடகைக்காரனா குடுப்பான்?"

குரல் உடைந்துவிட்டது. நிறைய பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தன் துக்கத்துக்காகத்தான் குனிகிறார்கள் என்று நினைத்தார் அவர்.

காவேரி தணிந்த குரலில் சொன்னாள். "இசக்கியப்பன் என்ன கேட்டாருன்னு நான் சொல்லிடறேன் ஐயா..."

"நீ சொல்லாத. அவன் பேசனதயே போடு. ஊரே கேக்கட்டும்."

ஸ்ரீதர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வுடு பெரீப்பா. அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"நீதானடா சபையில கேக்கணும்ன? போடும்மா!"

காவேரி போனை மைக் அருகில் வைத்தாள்.

"வணக்கம். இசக்கியப்பன் பேசுதேன். எங்க ரூம்காரங்க எல்லாருமா சேந்து ஒண்ணு கேக்கோம். சுடலைக்குப் போற பாதைய மேடாக்கிப் போட்டுத் தாங்க."

"பாதையா? கோயில் இல்லியா?" என்றார் கோதண்டம்.

காவேரி போனை நிறுத்தினாள். "அவங்க பக்கம் சுடுகாட்டையும் சுடலைன்னுதான் சொல்லுவாங்க ஐயா."

அவள் பதிவைத் தொடர்ந்து ஓடவிட்டாள். மறுபடி குரல் வந்தது.

"போன ஐப்பசில எங்க ஹவுஸ் ஓனர் அம்மா தவறிட்டாவ. ஐயா சட்டியத் தூக்கிட்டு முன்னால தண்ணிக்குள்ள எறங்கிட்டாவ. பாடை தூக்குனவங்க பயந்துபோயி கரையிலயே எறக்கி வச்சுட்டாவ. குத்தம் சொல்லல, தண்ணி அப்படி. ஆனா முன்னால போற மனுசனுக்கு அது தெரியாதுல்லா? திரும்பிப் பாக்கவும் முடியாது. அதான் நாங்க எறங்கித் தூக்கிட்டோம். அந்தப் பக்கம், வெறுங்கையா பின்னால வந்த அவுக சொந்தக்காரங்க கைல குடுத்துட்டு ஷிப்டுக்கு ஓடிட்டோம்."

மைக்கில் ஒரு இருமல்.

"அந்தப் பாதையால எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நாங்க செத்தா வண்டில ஏத்தி எங்க ஊருக்குக் கொண்டு போயிருவாவ. இது இந்த ஊர்க்காரங்களுக்காகக் கேக்கது."

போன் நின்றது.

அன்று திரும்பிப் பார்க்காத கோதண்டம் இப்போது திரும்பிப் பார்த்தார். பாடை தூக்கிய நான்கு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீதரும் அதில் ஒருவன். அவர் முகத்தைப் பார்க்க ஒருவராலும் முடியவில்லை. இத்தனை மாதம் பின்கட்டில் இருந்தவனை ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தார்.

தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு காவேரியிடம் சொன்னார்.

"ஊர்க்காரங்க சொன்னதத் தள்ளிட்டுப் படிம்மா."