கரண்ட் வேண்டாத குளிர்

"கரண்டே வேண்டாமுங்க. வெளியில இருக்கற அடுப்புல கொட்டாங்குச்சி எரிஞ்சாப் போதும், இந்த ஸ்டிர்லிங் இன்ஜின் ரூமையே குளுர வெச்சுரும்," என்றார் நாமக்கல் லேத் பட்டறைக்காரர் குருமூர்த்தி.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த அந்த அறையின் குளிரில், கோழிப்பண்ணை நடத்தும் கமலவேணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இந்தச் சித்திரை வெயிலில் அவள் பண்ணையில் தினமும் நூறு முட்டை வீணாகிறது.

"வெலை எவ்வளவுங்க?"

"மூணு லட்சமுங்க."

"அம்மாடி! அதுக்கு ஏழு ஏசி வாங்கிரலாமுங்களே!"

"கரண்ட் போனா ஏழு ஏசியும் என்னங்க பண்ணும்?"

கமலவேணிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அட்வான்ஸ் கொடுக்க அவள் பையைத் திறந்த நேரத்தில் கரண்ட் போனது.

"பாருங்க, இன்ஜின் சக்கரம் நின்னுதா?" குருமூர்த்தி மார்தட்டினார்.

சக்கரம் நிற்கவில்லைதான். ஆனால் பத்தே நிமிஷத்தில் இருவருக்கும் வேர்த்து ஊற்றியது.

வெளியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: "ஏனுங்க, மெசினு சூட்டைத் தாங்க முடியாதுன்னு அந்த ரூம் பரண்ல வெச்ச ஏசி நின்னுபோச்சே! நான் வந்து விசிறட்டுங்களா?"

கமலவேணி பையை மூடினாள்.

"மெசினு வேண்டாமுங்க. கரண்ட் வந்ததும் சொல்லுங்க, முட்டையக் கொண்டாந்து இந்த ரூம்லயே அடுக்கிக்கறேன்."