பிரிக்காத கவர்

முழங்கால் வலிக்காகப் பெத்துராஜ் நாற்பது வீடியோ பார்த்து, சிவப்பு ஒளி பேனல் ஒன்றை வாங்கினார். சங்கரன்கோவிலில் அடிக்கிற வெயில் காணாதென்று விளக்கு வாங்கிய ஒரே மனுஷன் தன் வீட்டுக்காரர்தான் என்று செல்வமணி நினைத்துக்கொண்டாள்.

டேப் வைத்து ஓரடி தூரம் அளந்து, மர நாற்காலியைப் போடுவார். கறுப்புக் கண்ணாடி மாட்டுவார். பத்து நிமிடத்தில் டைமர் அடித்ததும் எழுந்துவிடுவார். பெட்டியில் கூட வந்த இரண்டாவது கண்ணாடியை, டிவி ரிமோட்டைப் போலவே, கவர் பிரிக்காமல் ஆணியில் தொங்கவிட்டிருந்தார்.

தினமும் அவர் எழுந்த பிறகு பார்த்தால், ஒட்டிய அந்தக் கவருக்குள் வியர்த்திருக்கும்.

"இங்கன பாருங்க, உள்ள வேர்த்திருக்கு."

"சூட்டுக்கு வேர்க்கத்தான் செய்யும். ஒனக்கென்னட்டி தெரியும்?"

"ஆமா, கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் சிவகிரிக்குப் பஸ் ஏறிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து, செல்வமணி அறையைப் பெருக்கப் போனாள். பேனல் எரிந்துகொண்டிருந்தது. டைமரில் அரை நிமிடம் மீதி இருந்தது.

அணைக்காமல் போன மேதாவியை வைதபடி சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். பக்கத்து ஆணியில் கவர் தொங்கியது. ஒட்டு பிரியவில்லை. உள்ளே கண்ணாடி இல்லை.

விளக்கு எரியும்போது உள்ளே வந்தால் கண்ணாடி மாட்டு என்று அவர் சொன்னபோதெல்லாம் சிரித்தவள், நீட்டிய கையால் கண்களைப் பொத்திக்கொண்டு நின்றாள். டைமர் அடித்தது. ஆள் எழுந்தால் மட்டும் வருகிற கிறீச் சத்தம் நாற்காலியிலிருந்து வந்தது.