செவ்வாய்க்கிழமைப் பயணம்

மூன்று வாரம் பெரு நாட்டில் தனியாக ஊர் ஊராகச் சுற்றப் போவதை சுப்ரியா வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா வாசலைத் தாண்ட விடமாட்டாள். பெங்களூரில் ஆபீஸ் டிரெயினிங் என்று சொல்லியிருந்தாள்.

"பெங்களூருக்கு எதுக்குடி இத்தனை பெரிய பை?" என்றார் அப்பா.

"டிரெயினிங் புஸ்தகம்ப்பா."

அம்மா புளிக்காய்ச்சல் பாட்டிலைப் பைக்குள் திணித்தாள். "கனமாத்தான் இருக்கும், விடுங்கோ. போய் ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ பிடிங்கோ."

அப்பா போனதும்தான் சுப்ரியாவுக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் திருநெல்வேலி ரயில் ஏறுவதற்கே திசை பார்க்கிற அம்மா, வடக்கே இருக்கிற பெங்களூருக்கு எப்படிச் சம்மதித்தாள்?

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அம்மா, இன்னிக்கு வடக்கே சூலமாச்சே?"

"வடக்கே போறவாளுக்குத்தானே அது? நீ மேற்கேன்னா போறாய்."

சுப்ரியா சட்டென்று வாசலை எட்டிப் பார்த்தாள். அப்பா இன்னும் திரும்பவில்லை.

"மேஜை மேல டிக்கெட்டைப் பார்த்தேன்" என்று அம்மா குரலைத் தாழ்த்தினாள். "குஸ்கோன்னு மலைமேல ஒரு ஊராமே, மூச்சு வாங்குமாமே. மெள்ள நட, கேட்டியா. படமெல்லாம் எனக்கு மட்டும் அனுப்பு. பெங்களூர்ல மழைன்னு அப்பாகிட்ட நான் தினம் சொல்லிக்கறேன்."