பையனைப் பார்க்க வந்தவர்கள்

“அவங்க முன்னாடி அவனை நடக்க விடாதே, உர்மிள். பார்த்துட்டுச் சிரிப்பாங்க. பிள்ளை மனசு உடைஞ்சு போயிடும்.”

கச்சோரியை எண்ணெயில் திருப்பிப் போட்டபடியே சொன்னாள் பிமலா. ரோத்தக்கில் கூட்டுக்குடும்பமாக இருக்கும் அந்த வீட்டுக்கு மூத்த மருமகள் அவள். இளையவளான உர்மிள் மகனின் குர்தாவுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“நடக்கத்தான் வேணும் அக்கா. அதைப் பார்க்கத்தானே வர்றாங்க” என்றாள், தலை நிமிராமல்.

பிமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிவானியிலிருந்து யாரோ சிங்கல் வீட்டுக்காரர்கள் பையனைப் பார்க்க வருகிறார்களாம். பெண் பார்க்கப் போனால்தான் நாலடி நடக்கச் சொல்லிக் கூசாமல் பார்ப்பார்கள். இப்போது பையனையுமா? அதுவும் தனுஜையா?

இருபத்திரண்டு வயதிலும் அவன் கால்களை அகட்டி வைத்து, ஓடும் பஸ்ஸில் நிற்பவன் மாதிரி ஆடி ஆடித்தான் நடப்பான். டம்ளரை எடுக்கப் போனால் கை வெடவெடக்கும், பேச்சு இழுக்கும். மூளையில் இருக்கும் வெள்ளைப் பகுதியில் பிறவிக் கோளாறு, தாய் தகப்பன் இரண்டு பேர் வழியிலும் சேர்ந்து வந்தது என்று டில்லி டாக்டர் சொன்னபோது குடும்பமே நம்ப மறுத்தது. கோத்திரம் வேறு வேறு என்று பார்த்துப் பார்த்துத்தானே கட்டி வைத்தார்கள்! தலையில் லேசாக அடிபட்டாலும் அவனுக்கு ஆபத்து. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை விழுந்தவன் மறுபடி எழுந்து நடக்க ஒரு வருஷம் ஆயிற்று. உர்மிள் தூக்கி நிறுத்துவாள், அவன் சரிவான், மறுபடி நிறுத்துவாள். அந்தப் பாடு பிமலாவுக்குத் தெரியாததா?

வந்தவர்கள் சின்ன வயசுத் தம்பதி. அந்தப் பெண் மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கச்சோரியைத் தொடக்கூட இல்லை. ரொம்பத்தான் கிராக்கி பண்ணிக்கிறாள் என்று பிமலா மனசுக்குள் கறுவினாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. இஸ்திரி போட்ட குர்தா, தலையில் கிரிக்கெட் ஹெல்மெட். கல்யாண மாப்பிள்ளைக்கு வேண்டிய லட்சணம்தான்! பிமலா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“விடுங்க பெரியம்மா” என்றான் தனுஜ், இழுத்து இழுத்து. “நானே வரேன்.”

நடந்தான். ஒரு கால் விறைத்தது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது, பிமலா தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினாள். அவன் நின்று, நிதானித்து, அடுத்த காலை எடுத்து வைத்தான். நாற்காலியைச் சுற்றி, சுவரைத் தொடாமல், சோபா வரைக்கும் வந்து கும்பிட்டான். நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

உர்மிள் பெற்ற வயிறு குளிர்ந்து நின்றாள். பிமலாவுக்கோ நெஞ்சு விம்மியது. எங்கள் பையன், எங்கள் பையன் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

வந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்!

பிமலா இடுப்பில் கை வைத்தாள். “பார்த்தாச்சில்ல? எங்க பையன் இப்படித்தான் நடப்பான். எப்பேர்ப்பட்ட நடைன்னு எங்களுக்குத் தெரியும். இஷ்டமிருந்தா உங்க வீட்டுப் பொண்ணைக் கொடுங்க, இல்லேன்னா வாசல் அதோ இருக்கு.”

வந்தவள் நிமிர்ந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர்.

“கொடுக்க எங்க வீட்ல பொண்ணே இல்லக்கா. வெளிய தெரிஞ்சா ஊர் பேசும்னு, சொந்தக்காரப் பொண்ணுக்கு வரன் பார்க்கப் போறதா வீட்ல பொய் சொல்லிட்டு வந்தோம். உங்க டாக்டர்தான் இந்த வீட்டைச் சொன்னார். உர்மிளக்காகிட்ட மட்டும் விஷயத்தைச் சொல்லி, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டோம்” என்றாள். மடியிலிருந்த குழந்தையைத் தரையில் நிறுத்தினாள். அது நிற்காமல் சரிந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. “இவனுக்கும் இதே வியாதிதானாம். இது வந்த பிள்ளை ஒண்ணு நடந்து வர்றதைக் கண்ணால பார்த்துடணும்னுதான் வந்தோம்.”