முள்ளின் காது

ஜன்னலோர மேசையில், இடுக்கி கவ்விய தூண்டில் முள்ளுக்கு அவள் இறகும் நூலும் கட்டி ஈ வேஷம் போடுகிறாள். ஆற்றில் இறங்க மார்புவரை ரப்பர் உடுப்போடு கணவன் வாசலில் இருப்புக்கொள்ளாமல் நிற்கிறான். பெட்டியிலிருந்த பொய் ஈக்களையெல்லாம் நேற்றே தூண்டில் வீசி வீசி மரக்கிளைகளுக்குத் தானம் செய்துவிட்டான். "இன்னுமா முடியல? மேகம் போட்டிருக்கு, இப்பத்தான் மீன் மேல வரும்." "ஆறு கலங்கி வருதுங்க." "கரையோரம் தெளிவாத்தான் இருக்கு. நீ கட்டு." மேலே மலையில் மழை பிடித்திருக்கிறது. வெள்ளத்தில் கற்கள் உருளும் சத்தத்துக்கு மேசைமேல் வார்னிஷ் புட்டி மெல்ல நடுங்குகிறது. கதவுக்குப் பின்னால் அவள் அண்ணனின் தொப்பி தொங்குகிறது; போன மழையில் ஆறு திருப்பித் தந்தது அதை மட்டும்தான். கடைசி முடிச்சின் மேல் ஒரு சொட்டு வார்னிஷ் போதும். அவள் மூன்று வைக்கிறாள். அவன் ஈயைப் பிடுங்கி, முள்ளின் காதுக்குள் தூண்டில் நரம்பை நுழைக்கப் பார்க்கிறான். நுழையவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறான். காதில் பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

"அடைஞ்சிருக்கே."

"கை தவறிடுச்சு."

அந்தக் கை தவறி அவன் பார்த்ததேயில்லை. அவன் கண் தொப்பிக்குப் போய்த் திரும்புகிறது. குரல் இறங்குகிறது. "குத்தி எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

அவள் ஊசியை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். "தண்ணி வடியற வரைக்கும் ஆகும்."