நாலரை லிட்டர்

நாகேந்திரனின் பழைய அம்பாசடருக்கு நாலரை லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். ஆயில் மாற்றுவதற்காகக் காலையில் வாசலில் வைத்து அடி நட்டைக் கழற்றினார். பத்து மணிக்குள் இரண்டு வாளி நிறைந்துவிட்டது.

பழைய ஆயில் சுத்தமாக வடியாமல் நட்டைப் போட அவருக்கு மனசு வராது. போன ஆடிக் கிருத்திகையன்றும் இப்படித்தான் வண்டி வாசலில் நின்றது. மனைவி சுலோச்சனாவுக்கு நெஞ்சு வலி வந்தது. தெருவெல்லாம் காவடிக் கூட்டம், ஆட்டோ எதுவும் உள்ளே வரவில்லை. "கொஞ்சம் இரு, இன்னும் வடியுது" என்றார். அவள் பின்சீட்டில் சாய்ந்து காத்திருந்தாள். அவர் புது ஆயிலை ஊற்றி முடித்தபோது உயிர் போயிருந்தது.

நேற்று வருஷத் திதி முடிந்தது. மகள் சுதாவை மணவூரில் அவள் மாமியார் வீட்டில் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார். ஒரு வருஷமாக அவள் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை.

சுதா பையோடு வெளியே வந்தாள். மூன்றாவது வாளியும் விளிம்பில் நின்றது.

"இன்னாது நைனா இது? இவ்ளோவா ஊத்தி வச்சிருந்தீங்க?"

"எப்பவும் ஊத்தறதுதாம்மா."

"அப்ப நட்டைப் போடுங்க, கெளம்பலாம்."

வண்டிக்கடியில் படுத்திருந்தவர் கையில்தான் நட்டு இருந்தது. "கொஞ்சம் இரு, இன்னும் வடியுது" என்றார்.

சுதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க வடிச்சிகினே இருங்க. நான் பஸ்ல போறேன்."

அவள் தெரு திரும்பும்வரை வண்டிக்கடியில் படுத்தபடியே பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். சுலோச்சனாவின் சோற்றுக் குண்டானை எடுத்துவந்து, ஆயில் விழும் இடத்தில் வைத்தார்.