சேதி சொல்லப் போன எறும்பு

வறண்ட வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பெரிய புற்று. இந்தப் பக்கம், அங்கிருந்து வந்து குடியேறியவர்களின் சின்னப் புற்று. கிடைப்பதில் பாதியைப் பெரிய புற்று ராணிக்குச் சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும். மழைக்காலம் நெருங்க நெருங்கச் சின்னப் புற்றில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

"நம்ம குஞ்சுகளுக்கே அரிசி பத்தலை. இனிமே கிடையாதுன்னு நானே போய்ச் சொல்லிடறேன்," என்றாள் நெட்டைக்காலி.

"சொல்லிட்டு வாக்கா!" என்று புற்றே கத்தியது.

விடிந்ததும் கிளம்பினாள். முன்னால் போகிறவளின் வாசனையைப் பிடித்துப் பின்னால் நடப்பது எறும்புகளின் பழக்கம். அந்தப் பாதையில் வெறும் வாயோடு யாரும் போனதும் இல்லை.

சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே நடந்த நெட்டைக்காலி திரும்பிப் பார்க்கவில்லை. ராணியின் முன்னால் நின்றபோது குரல் நடுங்கவில்லை.

"இனிமே எங்க புத்துலேருந்து ஒரு மணி அரிசிகூட வராது. நாங்க வேற, நீங்க வேற!"

ராணி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சின்னப் புற்றின் வரிசை வாசலையும் தாண்டி நீண்டிருந்தது. ஒவ்வொரு வாயிலும் ஓர் அரிசி.

"சரிம்மா, வர வேண்டாம்," என்றாள் ராணி. "வந்ததை மட்டும் வழக்கமான இடத்துல வைக்கச் சொல்லு."